சென்றாயன் சார் முடிக்காத இயல்

சென்றாயன் சார் தவறிப்போய்விட்டார் என்று அவர் ஊரான சிலமலைக்குப் போகும் பஸ்சின் கண்டக்டர் சொன்னபோது, போடி பஸ் நிலையத்தில் டீ டம்ளரும் கையுமாக நின்றிருந்தேன். "ஒரே ஒரு இயல்தான் சார் பாக்கி" என்று போன வாரம்கூடச் சொன்னவர். அந்த டீயைக் குடித்தேனா, அப்படியே வைத்துவிட்டு ஓடினேனா, தெரியவில்லை.

நம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆய்வை விடவில்லை. ரஷ்ய, போலந்துச் சிறுகதைகளில் சாவுவீட்டு விருந்து, அதுதான் பொருள். "போலந்துக்கும் போடிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நாம் ஆசிரியர்கள் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். "ரஷ்யாக்காரன் கதையில பந்தியப் பாருங்க சார், போலந்துக்காரன் கதையில வாசலப் பாருங்க. செத்தவன் அங்கதான் இருப்பான்" என்பார்.

கடைசி இயலை நெறியாளர் திருப்பி அனுப்பியிருந்தார். இந்தக் கதைகள் ஒப்பாரியா, நகைச்சுவையா, ஒன்றைத் தீர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். குரங்கணிக்கு ஜீப்பில் போகும்போது சார் அதை என்னிடம் கேட்டார். நான் தஞ்சாவூர்க்காரன். சாவுவீட்டில் என்ன சிரிப்பு, ஒப்பாரிதான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கூரு எழவுக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார். மச்சான்முறைக்காரன் வாயத் தொறந்தா பொணமே எந்திரிச்சுச் சிரிக்கும்."

அவருடைய இழவுக்குத்தான் போக வாய்த்தது. பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் மச்சான் மாடசாமி மாலையோடு உள்ளே வந்து, "ஏய் மச்சான், என்னைக்காச்சும் பஸ்சுக்கு வெரசா வந்திருக்கியா? இன்னைக்கு மட்டும் என்னடா அவசரம்?" என்றார். அழுதவர்களே சிரித்துவிட்டார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நிமிடம் மாடசாமி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அந்த இயலைக் கல்லூரி மலரில் அவர் நினைவாகப் போடுகிறார்கள். தலைப்பு வைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஒப்பாரி என்று எழுதினால் மாடசாமியின் குரல் கேட்டுச் சிரிப்பு வருகிறது. அதை அடித்து நகைச்சுவை என்று எழுதினால் எழுத்தே தெரியாமல் கண் கலங்குகிறது. இரண்டையும் அடித்துவிட்டு அவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது இந்தக் குழப்பம்தான். இதைத் தீர்க்க எனக்கு மனமில்லை, சென்றாயன் சார்.