தெய்வானை டீச்சரும் தேர் நிற்காத வீடும்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு இறங்கும் காலை பஸ்ஸில் தெய்வானை டீச்சர் ஏறிவிட்டால் கொண்டக்டருக்குப் பாதி வேலை மிச்சம். "உள்ள போங்கப்பா, உள்ள போங்க. பஸ்ஸுக்குள்ள என்ன பேயா இருக்கு?" என்று குடை நுனியால் முதுகு முதுகாகத் தட்டி ஆட்களை நகர்த்துவார். கிழவன் குமரன் பேதமில்லை. பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் படித்தவர்களைப் பெற்றவர்கள். கொண்டக்டர் தனேஸ்வரனும் அவர் முன்னால் நின்று வாய்பாடு ஒப்பித்தவன்தான்.

"டீச்சர், நான் பாத்துக்கிறேனே."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே. படியில நாலு பேரு தொங்குறான்."

பசறைப் பக்கத்து வளைவுகளில் பஸ் சாயும்போது "முருகா" என்பார். பஸ் நிமிர்ந்துவிட்டால் வாய்க்குள் ஒரு கீர்த்தனை ஓடும். நெற்றியில் திருநீறு, நாக்கில் மிஷன் பாட்டு. பக்கத்து ஸீட்காரருக்குத்தான் குழப்பம். டீச்சருக்கு ஒரு குழப்பமும் கிடையாது.

கீர்த்தனை வந்த வழி எல்லாருக்கும் தெரியும். அவருடைய அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டியவர். மகளைப் பதுளையில் ஒரு மிஷன் பெண்கள் கல்லூரியில் சேர்த்து விடுதியில் விட்டார். "என்னப்பா, பொட்டச்சிக்கு எதுக்கு இங்கிலீசு, கொழுந்துகிட்ட இங்கிலீசு பேசப் போறாளா?" என்று தோட்டமே சிரித்தது. விடுதியில் முதல் நாள் சாயந்தரம் எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். "நானும் நின்னேன். முட்டிதானே நோகும், சாமிக்கா நோகும்?" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். வருஷா வருஷம் பழைய மாணவிகள் கூடும் நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே, கிறிஸ்தவப் பெண்களை விட ஓங்கிப் பாடுவது அவர்தான்.

படிப்பை முடித்தவர் டவுனில் வேலை கேட்கவில்லை. மடுல்சீமைக்கே திரும்பித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நின்றார். ஒரே தகரக் கூரை, நாலு வகுப்பு, நடுவில் மறைப்பு இல்லை. ஒரு வகுப்பு பாடினால் மற்ற மூன்றும் சேர்ந்து பாடும். இன்று கட்டடம் இருக்கிறது, அவரே தலைமையாசிரியர், அதிபர் என்று கதவில் பலகையும் இருக்கிறது. பழக்கம்தான் மாறவில்லை. பிந்தி வரும் பிள்ளையை வாசலிலேயே மறிப்பார்: "பெரட்டு முடிஞ்சு போச்சே தம்பி. இன்னிக்கு ஒனக்கு அரப்பேருதான்." காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பிந்திப் போனால் அரைநாள் சம்பளம்தான் விழும் என்பது தோட்டத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளை மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்கும்.

கட்டிக்கொண்டது ஜெயரட்ணத்தை. யாழ்ப்பாணத்து மனுஷன், தபால் கந்தோரில் கிளாக்கர். தோட்டத்துப் பெண்ணா என்று அவருடைய ஆட்கள் கலியாணத்துக்கு வரவில்லை. "வராட்டி சோறு மிச்சம்" என்றாராம் டீச்சர். மனுஷன் சாந்தமானவர். "இஞ்சரும், பள்ளிக்கூடத்தில நீர் அதிபர் எண்டால் வீட்டில நான் அதிபர் எண்டு நினைச்சன். உக்கார ஒரு கதிரையும் எனக்கு மிச்சமில்லை" என்று ஆட்கள் முன்னாலேயே சொல்வார். தொண்ணூற்றெட்டில் நெஞ்சுவலியில் போனார். எட்டாம் நாள் முடிந்ததும் டீச்சர் பள்ளிக்கூடம் போய் மணியடித்தார். "வீட்டுல உக்காந்து அழுதா அவருக்கே புடிக்காது" என்றதோடு சரி.

எந்தப் பேச்சிலும் தோற்காத இந்த மனுஷி 2004 மாசியில்தான் தடுமாறினார். காரணம் மகள் நிஷாந்தினி.

நிஷாந்தினி ஸ்டோரில் வேலை செய்யும் கஜேந்திரனைக் காதலித்துக் கட்டி, மேல் லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்தாள். தலைப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அந்த நேரத்தில் புதிதாக வந்த ஜெபசபைப் பெண்கள் தினமும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தலை சீவிவிட்டார்கள், கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அவளும் கணவனும் சபைக்குப் போனார்கள்; போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்றுண்டு. மாரியம்மன் தேர் லயம் லயமாக வரும்போது வீட்டு வாசலில் கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு நிற்க வேண்டும். தட்டு இல்லாத வாசலில் தேர் நிற்காது. தேர் நிற்காத வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆளும் போகாது. நிஷாந்தினிக்கு அப்போது மறுபடி ஏழு மாசம். மேல் லயத்துக்கு வாகனம் ஏறாது. வலி கண்டால் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோர்த்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் சுமந்துதான் ரோட்டுக்கு இறக்க வேண்டும். அந்தத் தோள்களும் தேர்வடம் பிடிக்கும் தோள்களும் ஒன்றே.

மகள் வாசலிலும் தேர் நிற்கட்டும் என்று டீச்சர் கோயில் கூட்டத்தில் கேட்டார். தலைவர் கணபதி எழுந்தார். டீச்சர் முதன்முதலில் எடுத்த வகுப்பில் படித்த பிள்ளை. "டீச்சர், ஒங்க மேல மரியாத இருக்கு. ஆனா சபைக்குப் போன வீடு போன வீடுதான். ஒங்க மகளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமுன்னு நா வைக்க முடியாதுங்க."

"அவ பச்சப் புள்ளயப் பறிகுடுத்துட்டு மொடங்கிக் கெடந்தப்ப கோயில் பக்கமிருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாத்துச்சா கணபதி?"

கணபதி தலையைச் சொறிந்தார். ஆனாலும் சட்டத்தை மாற்றவில்லை.

டீச்சர் மகளிடம் போனார். "ஊருக்காக ஒரு தட்டு வச்சா என்னடி?"

"மனசுல இல்லாதத கையில ஏந்தச் சொல்லாதீங்கம்மா. நீங்களே அப்படிச் சொல்லித்தானே வளத்தீங்க."

டீச்சர் இறங்கி வந்தார். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஸித்தி ஸுபைதா கல்லூரிக் கூட்டாளி. அவளிடம் போய்க் கொட்டினார்.

"ஒண்ட மகளுக்குப் பதிலா நீயே ஒரு தட்டப் புடிச்சிட்டு வாசல்ல நில்லேண்டி" என்றாள் ஸுபைதா.

"அது கள்ளத் தட்டு. அம்மனையும் ஏமாத்தணும், மகளையும் ஏமாத்தணும். எனக்கு ஆகாது."

"அப்ப என்னதான் செய்யப் போற? இவ்வளவு வாய் ஈக்குது, ஒரு வழி இல்லயா?"

"தேர் வரட்டும்டி. பாத்துக்கலாம்."

தேர் வந்தது. உச்சி வெயில். மேல் லயத்து ஏற்றத்தில் வடம் பிடித்தவர்களின் முதுகெல்லாம் வியர்வை ஊற்றியது. ஒவ்வொரு வாசலாக நின்று வந்த தேர் நிஷாந்தினியின் வீட்டை நெருங்கியது. கோலம் இல்லை, கதவு சாத்தியிருந்தது. தப்படிப்பவர்கள் அந்த வீட்டைச் சீக்கிரம் கடந்துவிட அடியை முடுக்கினார்கள்.

தேருக்கு முன்னால் நடந்த டீச்சர் சட்டென்று திரும்பி நின்றார். "நிப்பாட்டுங்கப்பா. சக்கரத்துக்குக் கட்டையப் போடு."

"டீச்சர், அது பேசி முடிச்ச விசயம்" என்று கணபதி ஓடிவந்தார்.

"நா தட்டுக்கு நிப்பாட்டல. ஏத்தத்துல இழுத்துட்டு வர்றானுங்க, நாக்கு வெளிய தள்ளுது. போடுங்கடா கட்டய!"

வாய்பாடு கேட்ட அதே குரல். கணபதியைப் பார்க்காமலே பையன்கள் கட்டையைப் போட்டார்கள். தப்பு ஓய்ந்தது. டீச்சர் கதவைத் தட்டினார். "நிஷா, அம்மனுக்கு ஒங்கிட்ட ஒண்ணும் வேணாம். ஆளுங்களுக்குத் தண்ணி வேணும்."

டீச்சர் இன்னொரு தடவை தட்டவில்லை, நின்றார். பிறகு தாழ்ப்பாள் விலகியது. ஒரு கை வயிற்றிலும் ஒரு கையில் செம்புமாக நிஷாந்தினி வந்தாள். பின்னால் கஜேந்திரன் வாளியைத் தூக்கி வந்தான். வடம் பிடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வடம் பிடித்த ரெங்கசாமிதான் முதலில் வந்து கையேந்தினார். அடுத்து நாலைந்து பேர் வந்தார்கள்.

"எத்தன மாசம் தங்கச்சி?" என்று கேட்டார் ரெங்கசாமி.

"ஏழு, அண்ணே."

"வலி கண்டா எந்த நேரமுன்னாலும் ஆள் அனுப்பு. நாங்க இருக்கோம்."

கணபதி மட்டும் தேரின் மறுபக்கம் போய் நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். டீச்சர் மகளிடமிருந்து செம்பை வாங்கினார். அவருக்கும் நாக்கு வறண்டிருந்தது, குடிக்கவில்லை. தன்னிடம் படித்த எவனுக்கும் அவர் எதையும் ஒரு கையால்தான் கொடுத்துப் பழக்கம். தேரைச் சுற்றிப் போய், கணபதியின் முன்னால் நின்று, செம்பை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.