கரும்புக்கு விலாசம்

ஆவுடைநாயகம் வாழ்நாளில் ஒரு ரயிலைக்கூடத் தவறவிட்டதில்லை. தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. 1958 டிசம்பரில் அவர் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது தலைமன்னார் வண்டியை இன்னும் பிளாட்பாரத்துக்கே கொண்டுவரவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு சட்டையின் உள்பையைத் தொட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட் இருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்போதும் இருந்தது.

தென்காசியில் பிறந்தவர். மீசை முளைக்காத வயதில் பெரியப்பாவோடு கடல் தாண்டி, தமிழும் இங்கிலீஷும் படித்து, ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தாவாகி, அப்படியே கொழும்புக்காரராகிவிட்டார். கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. வெள்ளவத்தையில் வாடகை அறை. அந்த வருஷம் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரைத் தங்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றியது. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கண் நிறைந்துவிடும். ஆனால் அதன் பிறகு எந்த வாசலில் நின்றாலும், நாம் இங்கே நிற்கலாமா என்று ஒரு சந்தேகமும் கூடவே வந்து நின்றது.

சொந்தம் என்று இருந்தது தங்கை மங்களேஸ்வரி ஒருத்திதான். குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமான மறு வருஷமே அப்பா போய்விட்டார். அம்மா முன்னமே இல்லை. குடியிருக்க ஆளில்லாத தென்காசி வீட்டை விற்றாயிற்று. கிறிஸ்துமஸ் லீவோடு பொங்கல் முடிய லீவு சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கை வீட்டுக்குத்தான் ஆவுடைநாயகம் புறப்பட்டிருந்தார்.

தனுஷ்கோடியில் கப்பல் இறங்கி, விருதுநகரில் வண்டி மாறித் தென்காசி ஸ்டேஷனில் கால் வைத்தபோது மாப்பிள்ளை வீரபாகு வில்வண்டியோடு காத்திருந்தார். குற்றாலத்தில் திருவாதிரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. விடியுமுன் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே கோயிலுக்குப் போய், வீட்டுக்கு வந்தால் திருவாதிரைக் களி சூடாக இருக்கும். தங்கை பரிமாறுவாள். அவள் மாமியார் சொக்கம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொக்கம்மாளைக் கண்டால் ஆவுடைநாயகத்துக்குக் கொஞ்சம் உதறல்தான். புருஷன் போன பிறகு வயல், தோப்பு எல்லாவற்றையும் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவள். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"தம்பி இலையில என்ன எழுதுதாரு? களி வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லச் சொல்லுட்டீ. கொழும்புல வயித்தையும் சுருக்கித்தான் அனுப்புவாங்க போலிருக்கு" என்பாள். அவர் அவசரமாக இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

தை நெருங்கியது. ஒரு நாள் காலையில் கிணற்றடியில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. அடுத்த வீட்டுக் குழல்வாய்மொழியும் மங்களேஸ்வரியும்.

"எங்க அண்ணன் வீரகேரளம்புதூர்ல இருந்து நாளைக்கழிச்சுப் படி கொண்டாரான். போன வருசம் கொண்டாந்த சேனைக்கிழங்கத் தூக்கவே ரெண்டு ஆளு வேண்டியிருந்துது" என்றாள் குழல்வாய்மொழி. "ஒனக்கென்ன மங்கா, ஒங்கண்ணன் தபால்காரன்லா. சைக்கிள்ல மணியடிச்சிக்கிட்டு வருவான். கிழங்கு சுமக்கிற பாடே இல்ல."

மங்களேஸ்வரி சிரித்தாள். "ஆமாக்கா. எங்க அண்ணனுக்குக் காக்கிச்சட்டைதான்" என்று தானும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பில் ஆவுடைநாயகத்தின் கன்னத்தில் கத்தி இழுத்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால், பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் பானையும் பச்சரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சள் குலையும் கிழங்கும் கொண்டுபோய்க் கொடுப்பதைத்தான் அந்தப் பக்கத்தில் பொங்கப்படி என்பார்கள். தகப்பன் இல்லையென்றால் அண்ணன் தம்பி கொண்டுபோக வேண்டும். அது அவருக்கும் தெரியும். அதற்காகத்தான் வருஷம் தவறாமல் மணியார்டர் அனுப்பினார். அந்த மணியார்டர்தான் தெருவில் தங்கைக்கு இப்படி ஒரு பேரை வாங்கிக் கொடுத்திருக்கிறது என்பது அவருக்கு இதுவரை தெரியாது.

இந்த வருஷம் நான் இங்கேயே இருக்கிறேனே என்று முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு யோசிக்க யோசிக்கக் கவலை பிடித்துக்கொண்டது. படி பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். வீடு எங்கே இருக்கிறது? தானோ தங்கை வீட்டிலேயே தின்று, தங்கை வீட்டிலேயே படுத்துக் கிடக்கிறோம். இந்த வாசல் வழியாக வெளியே போய், இந்த வாசலுக்கே படி கொண்டுவந்தால் ஊர் சிரிக்காதா? கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். தென்காசிக் கடைத்தெருவில் காஜா ராவுத்தர் கடைக்குப் போய், ஒன்று விடாமல் சாமான் வாங்கினார்.

"வண்டியில நீங்களும் கூட வாரீங்கள்லா?" என்று கேட்டார் ராவுத்தர்.

"இல்லை, நாளைக்குக் காலையில் வீட்டில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். விலாசம் எழுதித் தருகிறேன்."

கம்பெனியில் தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி அனுப்பிப் பழகிய கை. வெண்கலப் பானை, வெல்லச் சிப்பம், பூசணிக்காய், கரும்புக் கட்டு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் தங்கையின் பெயரையும் தெருவையும் எழுதிக் கட்டினார். ராவுத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொழும்புக்காரருக்குப் போய் நாம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி வரவில்லை. வெயில் முற்றத்தில் பாதி இறங்கியும் வரவில்லை. அச்சு முறிந்திருக்குமோ, மாடு படுத்துவிட்டதோ, தெருப்பெயரைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று ஒவ்வொன்றாக நினைத்து வேர்த்துக்கொண்டிருந்தார். வயலுக்குப் போயிருந்த சொக்கம்மாள் அப்போதுதான் திரும்பி வந்தாள்.

"தம்பி, இப்படிப் பொறவாசலுக்கு வாங்க. ஒரு சோலி இருக்கு."

பின்னால் போனார்.

"வண்டிய எதிர்பாத்துக்கிட்டு இருக்கீங்களோ?"

"ஆமாத்தை. காலையிலயே வரணும். ராவுத்தர் சொன்னா சொன்னபடி..."

"வண்டி வராது. நாந்தான் மறிச்சிட்டேன்."

மடியிலிருந்து அவள் எடுத்து நீட்டியது அவர் எழுதிய அட்டை.

"இது என்னது?"

"விலாசம் அத்தை."

"கரும்புக்கு எதுக்கு விலாசம்? இந்தப் பக்கம் தமிழு, அந்தப் பக்கம் இங்கிலீசு. பூசணிக்காயிலயும் ஒண்ணு தொங்குது. வண்டிக்காரன் பலவேசம் ரோட்டுல போறவன எல்லாம் நிறுத்தி, படிச்சிக் காட்டுங்கன்னு கேட்டுக்கிட்டு வாரான். நல்லவேள, இலஞ்சி விலக்குல என் கண்ணுல பட்டான்."

"வழி தவறிரக் கூடாதேன்னுதான்..."

"தம்பி, கடை வண்டி கொண்டாந்து எறக்குனா அதுக்குப் பேரு பலசரக்கு. அண்ணன் கொண்டாந்தாத்தான் படி. தெருவே வேடிக்க பாக்கும்போது பலவேசம் வந்து, மங்களேஸ்வரிங்கது யாருன்னு கேட்டா எப்படி இருக்கும்? இத்தன வருசம் தபால்காரன், இந்த வருசம் வண்டிக்காரனா?"

ஆவுடைநாயகம் அட்டையை வாங்கி இரண்டாக மடித்தார். அவள் கண்ணில் மட்டும் அந்த வண்டி படாமல் இருந்திருந்தால்? குழல்வாய்மொழிக்கு இன்னும் பத்து வருஷத்துக்குப் போதுமான பேச்சைத் தானே வண்டியேற்றி அனுப்பியிருக்கிறார்.

"எனக்கு வேற வழி தெரியலத்தை" என்றார். "தென்காசியில எங்களுக்குன்னு ஒரு செவரு கூட இல்ல. எந்த வீட்ல இருந்து கொண்டு வாரது?"

சொக்கம்மாள் கொல்லையில் உலர்ந்த நெற்றுத் தேங்காய்களைக் காலால் ஒதுக்கினாள்.

"ஒங்க தங்கச்சி ஒரு நாளும் வாயத் தெறந்து என் அண்ணன் வரலையேன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்த சொல்லிட்டு மறந்துருப்பேன். சொல்லாதவள என்ன செய்ய? போகி அன்னைக்கு மாத்திரம் வாசப்பக்கமே வர மாட்டா. அடுக்களையிலயே கெடப்பா" என்றாள். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள். "இலஞ்சியில நம்ம தோப்பு வீடு சும்மா பூட்டித்தான் கெடக்கு. சாமான் எல்லாத்தையும் அங்கதான் எறக்கச் சொல்லியிருக்கேன். ஒங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வாய்க்கால் வழியாப் போங்க. இன்னைக்கு அங்க தங்குங்க. நாளைக்கு வெயிலுக்கு முன்ன படியோட வாங்க. இனிமே அதுதான் அவளுக்குப் பெறந்த வீடு."

"மங்காகிட்ட என்ன சொல்லுறது?"

"ஒங்கண்ணன் அவரு வீட்டுக்குப் போயிட்டாருன்னு சொல்லுதேன். வெளங்கிக்கிடுவா."

அவர் வாயில் வந்தது "தாங்க் யூ அத்தை" என்பதுதான்.

"அதெல்லாம் தொரைகிட்ட வச்சிக்கிடுங்க. கரும்ப வண்டியில போட்டுட்டு மைனர் மாதிரிப் பின்னால நடந்து வந்துராதீங்க. தோள்ல வச்சிக் கொண்டாரணும்."

தோப்பு வீடு இரண்டு அறையும் ஒரு அடுக்களையும்தான். ஆவுடைநாயகம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கினார். ஒட்டடை அடித்தார். பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "புதுசாக் குடி வந்திருக்கியளோ?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று வெகு நேரம் யோசித்தார். அட்டைகளை எல்லாம் அறுத்து, விளக்கேற்றும்போது அந்தத் தீயிலேயே காட்டி எரித்தார்.

போகியன்று காலையில் பலவேசம் வண்டியைக் கொண்டுவந்தான். கரும்புக்கட்டு தோளில் ஏறியதும்தான் அதன் கனம் தெரிந்தது. தோகை முகத்தில் அறைந்தது. பாதி வழியில் மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, தோள மாத்திக்கிடுங்க" என்றான் பலவேசம். "இல்லன்னா கொஞ்ச தூரம் வண்டியில போடுங்க. யாரு பாக்கப் போறா?"

"சொக்கம்மா அத்தை பாப்பாங்க."

"அப்பம்னா சுமங்க" என்றான் பலவேசம் உடனே.

எதிரில் வந்த ஒரு கிழவர் நின்று விசாரித்தார். "படியா? நல்லது. எந்த ஊர்ல இருந்து?"

"இலஞ்சி" என்றார் ஆவுடைநாயகம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கொழும்பு என்று தொடங்கித் தென்காசி என்று திருத்தி, நடுவில் தடுமாறுவதுதான் அவருக்கு வழக்கம். அன்று ஒரே சொல்லில் முடிந்தது.

அதற்குப் பிறகு மார்கழிதோறும் அவர் அந்தச் சாவியோடுதான் கப்பலேறினார். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. புயல் வந்து தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோன வருஷம் அவரால் வர முடியவில்லை. அந்தப் பொங்கலுக்கு வீரபாகுவே தோப்பு வீட்டைத் திறந்து விளக்கேற்றி, இலஞ்சியிலிருந்து வந்த படி என்று கொண்டுபோய்க் கொடுத்தாராம். கொழும்பு வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகும் ஆவுடைநாயகம் குடியிருந்தது அந்த வீட்டில்தான். சொக்கம்மாளுக்கு நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. அவள் இடம் கொடுத்தால்தானே.

முதல் வருஷம் அந்தப் போகியன்று, தெருமுனை திரும்பும்போது குழல்வாய்மொழி இடுப்பில் குடத்தோடு தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திருவாதிரையிலிருந்து தினமும் அவர் கிணற்றடியில் பல் விளக்குவதைப் பார்த்தவள். ஆவுடைநாயகம் தோகைக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் வண்டியைப் பார்த்தாள். அவர் தோளைப் பார்த்தாள். கரும்புத் தண்டின் சாம்பல் பூச்சு அப்பிய சலவைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி மங்கா, வெளிய வா. ஒங்கண்ணன் ஊர்ல இருந்து படி கொண்டாந்திருக்காரு."

மங்களேஸ்வரி செம்பில் தண்ணீரோடு வந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். அப்படியானால் காலையிலிருந்தே காத்திருந்திருக்கிறாள்.

"வாங்கண்ணே. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று முறைப்படி கேட்டாள்.

"எல்லாரும் சௌக்கியம்" என்றார், அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆள்.

பானையும் அரிசியும் இறங்கும்வரை அவள் சரியாகத்தான் இருந்தாள். மஞ்சள் குலையைக் கையில் வாங்கியபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆவுடைநாயகம் சொக்கம்மாளைத் தேடினார். படி வாங்கும் இடத்தில் தான் நிற்கக் கூடாது என்று அவள் கொல்லைப்பக்கம் போய் இருந்துகொண்டாள். எல்லாச் சாமானும் உள்ளே போன பிறகே வந்து, பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, "காய் கொஞ்சம் எளசுதான். பரவால்ல" என்றாள்.

அன்று அவருக்குத் தலைவாழை இலை போட்டு விருந்து. வேட்டி வைத்துக் கொடுத்தார்கள். சாயந்தரம் மலைப்பக்கம் மேகம் கறுத்தபோது அவர் புறப்பட எழுந்தார். தங்கை வாசல்வரை வந்தாள்.

"மழை வாரது மாதிரி இருக்கேண்ணே. இன்னைக்கு ஒரு நாள் இங்கனயே தங்கிட்டுக் காலையில போங்களேன்."

"இல்லம்மா" என்றார் ஆவுடைநாயகம், செருப்பை மாட்டிக்கொண்டே. "வீட்டப் போட்டுட்டு வந்திருக்கேன். போகணும்."