கழுத்தில் கட்டியது

2008 ஏப்ரல், சனிக்கிழமை காலை. மொன்ட்ரியாலை ஒட்டிய கர்க்லாண்டில் சாந்தியின் வீட்டில் எனக்கு மூன்றாம் நாள். முன்பு சென்னையில் எங்கள் மாடியில் ஒரு வருடம் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரி அவள். மொன்ட்ரியாலில் துறைமுகம், தேவாலயம் எல்லாம் பார்த்தாயிற்று, இனிக் குளிரைத்தான் பார்க்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் மகள் மீரா கனத்த பையோடு படியிறங்கி வந்தாள். கல்லூரி மாணவி, இங்கேயே பிறந்தவள். பிரெஞ்சு சரளமாக வரும், தமிழைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அன்று தேடி எடுத்தது இது:

"அம்மா, கழுத்திலை கட்டிக்கொண்டு இண்டைக்குச் சண்டைக்குப் போறன்."

சாந்தியின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீரா பையைத் திறந்து காட்டினாள். ஐரோப்பாவின் இடைக்கால வீரர்கள் கழுத்தைக் காக்க அணிந்த கவசம். சின்னச் சின்ன இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துத் தோள்வரை விழும்படி செய்தது. அந்தக் காலச் சண்டையை விளையாட்டாக நடத்தும் குழுவொன்றில் சேர்ந்திருக்கிறாளாம். முதல் சண்டை அன்று, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில். தானும் வருவதாகச் சொல்லிச் சாந்தி கார் சாவியை எடுத்தாள்.

முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆற்றங்கரையில் பனிக்கட்டி இன்னும் கரையவில்லை. சுற்றுலாப் பயணிக்கே உரிய வெட்கமின்மையோடு நான் காரிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டரங்கில் வியர்வையும் எண்ணெயும் நாறின. கவசத்தை வாங்கிப் பார்த்தேன், இரண்டு செங்கல் கனம். தலைக்கவசத்துக்கும் மார்புக் கவசத்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் கழுத்தைத்தான் எதிரி தேடுவானாம். இது இருந்தால் அடி வலிக்கும், எலும்புகூட முறியலாம், ஆனால் வாள் அறுக்காது என்று பயிற்சியாளர் ஆறுதல்போலச் சொன்னார். நல்ல ஆறுதல்.

பின்கழுத்துத் தோல்வாரைக் கட்ட மீராவுக்கு எட்டவில்லை. தாய்க்கு முதுகைக் காட்டி நின்றாள். சாந்தி வாரைப் பிடித்தாள்.

"என்ரை தங்கச்சிக்கும் நான்தான் கட்டிவிட்டனான், பிள்ளை."

சித்தி போரில் இறந்தாள் என்பதற்கு மேல் மீராவுக்கு எதுவும் தெரியாது. இருபது வருடப் பழக்கத்தில் எனக்கும்தான். இயக்கத்துக்குப் போன தங்கை ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது கழுத்து நூல் இற்றுப் போயிருந்ததாம். அக்காதான் புது நூல் மாற்றினாளாம். நூலில் தொங்கியது நஞ்சுக் குப்பி. பிடிபட்டால் கடிப்பதற்கு. குப்பி என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, 'கழுத்தில் கட்டியிருக்கிறாள்' என்றாலே அவர்கள் ஊரில் போதுமாம்.

மீரா கவசத்தைக் கழற்றப் போனாள். சாந்தி விடவில்லை, வாரை இறுக்கினாள்.

"இது உன்னைக் காக்கிறதுக்கு. போட்டுக்கொண்டு போ."

மூன்றாவது அடி கழுத்தில்தான் விழுந்தது. மீரா தள்ளாடி, சமாளித்து நின்றாள். சாந்தி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் இதைப் பார்க்க நேர்ந்ததே என்று எனக்குக் கோபம்கூட வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திரும்பும்போது, பாலத்தின் மேல், பின் இருக்கையிலிருந்து மீரா கேட்டாள்: "சித்தி அதைக் கடிச்சவவோ, அம்மா?"

"தெரியாது. உடம்பு வரேல்லை."

சிறிது தூரம் போன பிறகு சாந்தி சொன்னாள்:

"அறுந்து விழக்கூடாதெண்டு மூண்டு முடிச்சுப் போட்டனான்."