“வாறன்” என்றால் எங்கே?

பிள்ளை பார்க்கிற வேலைக்குக் கை இரண்டு போதும், கண்தான் போதாது. என்னைப்போல அடுத்தவர் பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் சொல்லப் பயமாயிருக்கிறது. பள்ளிக்கூடத்தை இடையிலே விட்டவள் நான். ஒன்றைச் சொல்லப்போய் வேறொன்றாகிவிட்டால்?

சண்டிலிப்பாயில் ஒரு ரீச்சரின் மகளை, ரீச்சர் பள்ளிக்கூடத்தால் வரும்வரை, அவர்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். பெயர் மிதுனா. இரண்டரை வயது. ஒழுங்கை முடிகிற இடத்தில் பஸ் பறக்கிற றோட்டு. முதல்நாளே ரீச்சர் சொல்லிவிட்டார்: “அக்கா, பிள்ளை தனியப் படலைக்கு வெளியாலை கால் வைக்கப்படாது. வைச்சால் நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும்.”

முன்னும் பின்னும்

சட்டை போட்டுவிடக் கை நீட்டினால் “நானே” என்பாள் மிதுனா. முதுகில் இருக்கிற பொத்தான் அவளுக்கு எட்டாது. அதனால் ஒருநாள் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டாள். நான் திருப்பிப் போட்டேன். மூச்சடக்கி அழுதாள். மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, அவள் போட்டபடியே மறுபடி போட்டுவிட்டேன். அன்றைக்குக் கோவிலுக்குப் போகவென்று அவசரமாக வந்த ரீச்சர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அக்கா, பிள்ளைக்கு முகம் எந்தப் பக்கம் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

உது

எதிரில் நிற்பவரின் பக்கத்தில் இருப்பதை நாங்கள் “உது” என்போம். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரத் தம்பியிடம் நான் விலை கூடிய விளைமீன் பார்த்துக்கொண்டு நின்றேன். மிதுனா அவன் பூனைக்கென்று ஒதுக்கி வைத்த சூடைமீனைக் காட்டி “உது!” என்றாள். முள் தொண்டையில் சிக்கினால்? வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். நிலத்தில் குந்திவிட்டாள். மீன்காரத் தம்பி சிரித்தான்.

“பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு பிள்ளைக்குத் தெரியுது, அக்கா. நீங்கள்தான் ஒண்டும் தெரியாமல் நிக்கிறியள்.”

வாறன்

எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் “போறன்” என்று சொல்வதில்லை, அது அபசகுனம். “வாறன்” என்றுதான் சொல்வார். கூப்பிட்டால் பதிலும் அதேதான். ஒருநாள் குசினியில் சோறு குழைத்தபடி “பிள்ளை, சாப்பிட வாங்கோ” என்றேன். “வாறன்” என்று குரல் கேட்டது. பார், சொல்வழி கேட்கிறாள் என்று சந்தோஷமாகக் காத்திருந்தேன். வரவில்லை.

வாசலில் ரீச்சரின் வீட்டுச் செருப்பைக் காணவில்லை. படலை திறந்து கிடந்தது. முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பிறகு சோற்றுக் கையோடு ஒழுங்கையில் ஓடினேன். பாதி வழியில் மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்து வைத்திருந்தான். தாயின் செருப்போடு மிதுனா மீன்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். “சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டாளே!” என்று அழுதேன். அவன் குனிந்து, “சொல்லிப்போட்டோ வந்தனியள்?” என்று அவளைக் கேட்டான். “ஓம். வாறன்” என்றாள்.

“பிள்ளை சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கு, அக்கா. நீங்கள்தான் வழியனுப்ப வரேல்லை.”

போறன்

அன்று பின்னேரம் முழுக்க ஒரே பாடம்: என்னிடம் வருவதென்றால் “வாறன்”, வெளியே போவதென்றால் “போறன்”. கெதியாய்ப் பிடித்துக்கொண்டாள். அடுத்தநாள் காலை, ஸ்கூட்டரில் ஏறிய தாய்க்குக் கை காட்டி, “அம்மா போறா! போறன்!” என்று கத்தினாள். ரீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. இறங்கி உள்ளே வந்து இருந்து தண்ணீர் கேட்டார். செம்பை நீட்டியபடியே சூடைமீனில் தொடங்கி நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ரீச்சர் தண்ணீரைக் குடித்துவிட்டு மகளிடம், “அப்ப வேறை அன்ரி பாப்பமே?” என்றார். மிதுனா அவருக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, “உது!” என்றாள்.

“விளைமீனை விட்டுட்டுச் சூடையைக் கேட்டவள்தானே. வேலைக்கு நீங்களே இருங்கோ, அக்கா.”

அன்றைக்கே படலையில் ஒரு ஆட்டுமணியைக் கட்டிவிட்டேன். இப்போது பிள்ளை “வாறன்” என்றாலும் பயம், மணி கேட்டாலும் பயம், இரண்டும் கேட்காவிட்டால்தான் பெரிய பயம்.