காத்து சரியில்லை, பிள்ளை

பாய்ப்படகு ஓட்டுறவரத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. கயித்த இழுத்து இழுத்து உள்ளங்கை உரிஞ்சு, ஓட்டுறவர் செஞ்ச தப்புக்கும் சேர்த்துத் திட்டு வாங்குறவங்களுக்கு ‘க்ரூ’ன்னு பேரு. நான் அந்த க்ரூ. சம்பளம் கிடையாது. ஞாயித்துக்கிழமை போச்சு, உடுப்பு நனைஞ்சது மிச்சம். கல்யாண வீட்டுல சமையல்காரருக்கு எடுபிடியா நின்னவங்க, ஆபீஸுல ரெண்டாவது ஆளா இருந்து முதல் ஆளோட கோவத்த வாங்கிக் கட்டிக்கிட்டவங்க, உங்களுக்கெல்லாம் நான் சொல்லப் போறது புதுசா இருக்காது. வாங்க, சேர்ந்து வயிறெரிவோம்.

எத்தனை கிலோ?

ஹட்டன் டவுன்ல மூக்குக் கண்ணாடிக் கடையில எனக்கு வேல. டவுனுக்குக் கீழ, தேயிலை மலைங்களுக்கு நடுவுல பெரிய நீர்த்தேக்கம் இருக்கு. அதோட கரையிலதான் கிளப். படகு வச்சிருக்கிறவங்க எல்லாம் வெளியூர்க்காரங்க. கயிறு இழுக்க ஆள் தேவைன்னு எங்க கடை வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. சின்ன வயசுலயிருந்து எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல நின்னு அந்தப் பாயெல்லாம் போறதயே பார்த்துக்கிட்டிருந்தவ நான், விடுவேனா? போய் நின்னேன்.

குலசிங்கம் சார்கிட்ட அனுப்பினாங்க. யாழ்ப்பாணத்துக்காரர், டவுன்ல பேங்க் மேனேஜர். என் பேரக்கூட கேக்கல. மொத கேள்வியே, “பிள்ளை, நீர் எத்தனை கிலோ?” கரையில நின்ன அத்தன ஆம்பளைங்களும் பதிலுக்குக் காத்திருந்தாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட என்கிட்ட இதக் கேட்டதில்ல. படகு சாயாம இருக்க ஒரு பக்கம் பாரம் வேணுமாம், அதுக்காகத்தான் கேட்டாராம். சொன்னேன். சொல்லிட்டு நானும் ஒண்ணு கேட்டேன்: “எனக்கும் ஓட்டுறதுக்குத் தருவீங்களா சார்?”

படகோட பின்னால இருக்கிற சுக்கான் யார் கையில இருக்கோ, அவங்கதான் ஸ்கிப்பர். ரேஸ் முடிஞ்சதும் கிளப் பலகையில ஸ்கிப்பர் பேர மட்டுந்தான் எழுதுவாங்க. நம்மளயெல்லாம் ‘மற்றும் இருவர்’னு முடிச்சிருவாங்க. எனக்கு அந்தப் பலகையில என் பேரு வரணும். அவ்வளவுதான் ஆசை. சீசன் முடியிறதுக்குள்ள ஒரு ரேஸுக்குச் சுக்கானத் தர்றேன்னு சார் எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்தாரு. நானும் அம்மாகிட்ட சொல்லி, கடை முதலாளிகிட்ட சொல்லி, லயம் பூராவும் சொல்லி வச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழம ஆசையா ஓடிப் போய்க் கேட்டா, வானத்த ஒரு பார்வ பார்த்துட்டு சொன்னாரு:

“இண்டைக்கு வேண்டாம் பிள்ளை, காத்து சரியில்லை.”

காத்துக்கு யாரு பொறுப்பு?

எங்க பக்கத்துக் காத்தப் பத்திச் சொல்லணும். ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு இடுக்குலயிருந்து வரும், திடீர்னு நிக்கும், அப்புறம் எதிர்ப் பக்கத்துலயிருந்து வந்து முதுகுல அடிக்கும். யாராலயும் அதக் கணிக்க முடியாது. சாராலயும் முடியாது, என்னாலயும் முடியாது. கூட க்ரூவா இருக்கிற மோகன், ஃபெக்டரியில மெஷின் பார்க்கிற பையன், அவனாலயும் முடியாது. அதுல எங்க மூணு பேருக்கும் ஒத்துமைதான்.

ஆனா பாருங்க, காத்து நமக்குச் சாதகமாத் திரும்பி நாலு படகத் தாண்டிட்டோம்னா, “பாத்தீங்களே, நான் முதலே யோசிச்சனான்” அப்படீம்பாரு சார். அதே காத்து நின்னு போய் நடுத்தண்ணியில மாட்டிக்கிட்டோம்னா, நான் பாய லேட்டா இழுத்துட்டேனாம். ஒரு நாள் காத்து ஒரே மூச்சுல சுத்தி அடிச்சு, பாய்க்குக் கீழ இருக்கிற குறுக்குக் கட்டை சடார்னு வந்து மோகன் மண்டையில விழுந்துச்சு. பையன் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். புடைச்சு எலுமிச்சங்காய் மாதிரி வந்துருச்சு. ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணுமா இல்லையா? சார் குனிஞ்சு பார்த்தாரு, பார்த்து, தடவிக் குடுத்தாரு, மோகன் தலைய இல்ல, அந்தக் கட்டைய.

“நல்ல காலம், ஒண்டும் உடையேல்லை.”

பெரட்டு

இது நடந்தப்ப நான் சிரிக்கல. இப்பவும் எனக்குச் சிரிப்பு வரல, மத்தவங்க சிரிக்கிறாங்க.

அன்னைக்கு எங்க படகுக்கு ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. ஜெயிச்சா அடுத்த ரேஸுக்குச் சுக்கான் எனக்குத்தான்னு சார் மறுபடியும் சொல்லியிருந்தாரு. காலையிலயே நல்ல காத்து. மத்த படகெல்லாம் தண்ணியில இறங்கி ஆரம்பக் கோட்டுகிட்ட வரிசை கட்டிருச்சு. சார மட்டும் காணோம். மோகன் போன் போட்டான். சிக்னல் வேற விட்டு விட்டு வருது. அவன் சொன்னது இதுதான்: “நம்ம படகத் தவிர மத்த எல்லாப் படகும் தண்ணியில பெரட்டு சார், சீக்கிரம் வாங்க.”

தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இதுல என்ன கஷ்டம்? காலையில வேலைக்குப் பேர் குடுக்க வரிசையா நிக்கிறோம்ல, அதுதான் பெரட்டு. பாட்டன் காலத்துலயிருந்து பெரட்டுக்குப் போய்க்கிட்டிருக்கோம். ஆனா யாழ்ப்பாணத்துல பிரட்டுறதுன்னா கவுத்துறது. எல்லாப் படகும் கவுந்து ஆளுங்க தண்ணியில தத்தளிக்கிறாங்கன்னு நெனச்சுட்டாரு மனுசன். ஆம்புலன்ஸுக்குப் போன், பொலிஸுக்குப் போன். ரெண்டு வேன்ல ஆளுங்க கயிறு, டயர் எல்லாம் தூக்கிக்கிட்டுக் கரைக்கு வந்து எறங்கினாங்க. வந்த இன்ஸ்பெக்டர் சிங்களத்துல ஒவ்வொரு படகாக் கூப்பிட்டு விசாரிச்சாரு. எல்லாம் முடிஞ்சு பார்த்தா காத்து செத்துப் போச்சு, ரேஸும் இல்ல, சுக்கானும் இல்ல. தப்பாக் கேட்டது சாரோட காது. என்னையும் மோகனையும் கிளப் கமிட்டி முன்னால நிறுத்தி வச்சு அவரு சொன்னத இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கல:

“இனிமேலாவது தமிழைத் தமிழாக் கதைச்சுப் பழகுங்கோ.”

பிளேன்டீ

கொழும்புலயிருந்து விருந்தாளிங்க வந்த நாள். அன்னைக்கும் சார்கிட்ட சுக்கானக் கேட்டேன். விருந்தாளிங்க முன்னாடி பரீட்சை வேணாம்னாரு. சரின்னு கயித்தயே இழுத்தேன். கரைக்கு வந்தப்ப தலையிலயிருந்து கால் வரைக்கும் தண்ணி சொட்டுது, மேல மிதவைச் சட்டை, கையில சுருட்டின கயிறு. இத விட ஒரு ஆளப் படகுக்காரின்னு எப்படிக் காட்டுறது, சொல்லுங்க. நாற்காலியில உக்காந்திருந்த ஒரு அம்மா, நல்ல மனுசி மாதிரிதான் இருந்தாங்க, என் கைக்குள்ள பால் போடாத பிளேன்டீ குடிச்ச காலிக் கோப்பைய வச்சு, தங்கச்சின்னு தோளத் தட்டிச் சிங்களத்துல சொன்னாங்க:

“நங்கி, இந்தத் தரம் இஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்க.”

கடைசி ரேஸ்

சீசனோட கடைசி ஞாயிறு. இனிமே கேக்குறதுல்லன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணியிருந்தேன். வெக்கமா இருந்துச்சு. லயத்துல யாராவது “என்ன புவனா, ஓட்டியாச்சா?”ன்னு கேட்டா பேச்ச மாத்துற நிலைமைக்கு வந்துட்டேன்.

பாதி ரேஸ்ல காத்து சுத்தமா நின்னு போச்சு. பாயெல்லாம் கொடியில காயப்போட்ட வேட்டி மாதிரித் தொங்குது. எல்லாப் படகும் அங்கங்க நின்னுருச்சு. சாருக்கு வெயிலு தாங்கல. தொப்பிய முகத்துல இழுத்து விட்டுக்கிட்டு, “இந்தாரும் பிள்ளை, சுக்கான். சந்தோசம்தானே?”ன்னு நீட்டுனாரு. எப்படி இருக்கும் எனக்கு? காத்து இருந்தா காத்து சரியில்ல, காத்தே இல்லாதப்ப சுக்கான். வேணாம்னு முகத்துக்கு நேராச் சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா கை போய்ப் பிடிச்சுருச்சுங்க. என்ன செய்ய, அவ்வளவு நாள் ஆசை.

பிடிச்சு கொஞ்ச நேரத்துல மலை இடுக்குலயிருந்து வந்துச்சு பாருங்க ஒரு காத்து. பாய் டப்புன்னு நிமிந்துச்சு. சார் எழும்பி உக்காந்து, “தாரும், தாரும், காத்து மாறுது” அப்படீன்னாரு. “மாறட்டும் சார், நீங்க அந்தப் பக்கம் பாரத்துக்குச் சாயுங்க” அப்படீன்னேன். என் வாயிலயிருந்துதான் வந்துச்சான்னு எனக்கே சந்தேகம். சாஞ்சாரு. ஒரு படகத் தாண்டுனோம், இன்னொண்ணத் தாண்டுனோம். வாய் தானாச் சிரிக்குது. திரும்புற இடத்துல ஒரு மிதவை இருக்கு. அதத் தொடாமச் சுத்தி வரணும், தொட்டா அங்கயே ஒரு வட்டம் அடிச்சுட்டுத்தான் போகணும், இல்லேன்னா ரேஸ் செல்லாது. திரும்பையில பின்பக்கம் லேசா உரசின மாதிரி இருந்துச்சு. “சார், தொட்டுருச்சா? வட்டம் அடிக்கவா?”ன்னு கேட்டேன். “ஒண்டும் படேல்லை, விடும், போம் போம்” அப்படீன்னு விரட்டுனாரு. அனுபவசாலி சொல்றாரு, போனேன். மூணாவதா வந்தோம்.

கரைக்கு வந்தா பின்னால வந்த படகுக்காரர் புகார் குடுத்துட்டாரு. கமிட்டித் தலைவர் கூப்பிட்டாரு. வழக்கம் போல என்னையோ மோகனையோ பார்க்கல, சாரத்தான் கேட்டாரு, மிதவையத் தொட்டுட்டு ஏன் வட்டம் அடிக்கலன்னு. சீசன் பூராவும் என்னைப் பாரம்னு சொன்ன மனுசன், எனக்குச் சுக்கான் குடுத்தத யார்கிட்டயும் சொல்லாத மனுசன், அந்த ஒரு நிமிசத்துல ரெண்டு அடி பின்னால தள்ளி நின்னு, கை ரெண்டையும் விரிச்சுச் சொன்னாரு: “என்னட்டக் கேக்காதேங்கோ. ஸ்கிப்பர் இவதான்.”

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கயித்தாலயே அவரக் கட்டிப் போட்டிருப்பேன். வட்டம் அடிக்கவான்னு கேட்டது நான், வேணாம்னது யாரு? மோகன் வாயத் திறக்கப் போனான். அதுக்குள்ள எனக்கு வேற ஒண்ணு உறைச்சுருச்சு. கமிட்டி முன்னால, எல்லார் காதுலயும் விழுற மாதிரி, இந்த மனுசன் என்னை ஸ்கிப்பர்னு சொல்லிட்டாரு. இப்ப நான் நடந்ததச் சொன்னா, தப்பும் அவரோடதாப் போயிரும், சுக்கானும் அவரோடதாப் போயிரும். மோகன் கையப் பிடிச்சு நிறுத்தினேன். “ஆமாங்க, சுக்கான் பிடிச்சது நான்தான். எதுவா இருந்தாலும் எம்பேர்ல எழுதுங்க” அப்படீன்னேன்.

எழுதுனாங்க. அன்னைக்குப் பலகையில கடைசியா: ‘ஸ்கிப்பர்: ரா. புவனேஸ்வரி. தகுதி நீக்கம்.’ அதுக்குக் கீழ, ‘மற்றும் இருவர்’. அந்த இருவர்ல ஒருத்தர் குலசிங்கம் சார். கிட்டப் போய் வாசிச்சுப் பார்த்துட்டு, நேராக் காருக்குப் போயிட்டாரு. நான் பலகைய போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன். மோகன் பக்கத்துல வந்து நின்னு, பலகையப் பார்த்துட்டுச் சொன்னான்:

“தகுதி நீக்கணும்னா மொதல்ல தகுதி இருந்திருக்கணும்ல, அக்கா.”

ஆக, எங்க தண்ணியில ஜெயிச்சா பேரு ஸ்கிப்பருக்கு, தப்புன்னா பேரு க்ரூவுக்கு, அந்தத் தப்பக்கூட நாமளே பிடிவாதமாக் கேட்டு வாங்கிக்கிட்டாத்தான் நம்ம பேர எழுத அவங்களுக்குக் கை வருது.