துரைக்கு ஒதுங்காத சுமைகாரர்கள்

அகஸ்டினாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவள், மாதர் சங்கத் தலைவி. அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டால் கணக்கப்பிள்ளைமாரே நாலடி தள்ளித்தான் நிற்பார்கள். கொழும்பிலிருந்து வந்த சினிமா இயக்குனருக்கு, பாவம், இதெல்லாம் எப்படித் தெரியும்?

1818இல் இந்த ஊவா மலைகளில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் கிளர்ச்சிக்காரருக்கும் நடந்த சண்டைதான் படம். பட்டாளத்தின் வெடிமருந்துப் பெட்டிகளை மலையேற்றும் தமிழ்ச் சுமைகாரர்களாக நடிக்க, தோட்டத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக இருபது பேர் கேட்டார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்து, தானும் ஒருத்தியாகச் சேர்ந்துகொண்டவள் அகஸ்டினா. திரைக்கதையில் அவர்களுக்கு ஒரேயொரு காட்சி. பசி தாங்காமல் பாதிவழியில் அதிகாரியை மறித்து, பெட்டிகளை வீசிவிட்டுக் கதறி அழ வேண்டும்.

“சரித்திரப் படத்துல நம்ம ஆளுங்க மொகம் இவ்வளவாச்சும் தெரியுதேக்கா” என்றான் உதவி இயக்குனர் நிஷாந்த். பதுளை டவுன்காரன், தமிழன்.

அகஸ்டினாவுக்கும் அது பெரிய விஷயம்தான். அவள் பார்த்த சண்டைப் படங்களில் ராஜா இருப்பார், தளபதி இருப்பார், வெள்ளைக்காரன் இருப்பான். பெட்டிகள் மட்டும் தாமாகவே மலை ஏறியிருக்கும்.

ஆனால் காட்சி அமையவில்லை. அதிகாரி வேடம் போட்டவர் அசல் வெள்ளைக்காரர். சிவப்புக் கோட்டும் கையில் பிரம்புமாக அவர் வளைவில் தலைகாட்டியதும், இருபது பேரும் பாதையை விட்டுப் பக்கத்து வடிகானுக்குள் இறங்கி நின்றார்கள். அவர்களில் ரெங்கம்மா ஒருபடி மேலே போய் “சலாங்க தொரை” என்று வேறு சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவையும் அதே.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தோட்டத் துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே ஒதுங்கிப் பழகிய கால்கள், வருவது சினிமாத் துரையா நிஜத் துரையா என்று விசாரித்துக்கொண்டா இறங்கும்? அகஸ்டினாவின் காலும் இறங்கியது. அவளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

இயக்குனர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். “இவங்களுக்கு எதிர்த்து நிக்கவே தெரியல்ல. நாளைக்குக் கொழும்பிலயிருந்து நடிகர்களக் கொண்டு வாங்க. கறுப்பு பூசிக்கலாம்” என்று சிங்களத்தில் கத்தினார்.

அகஸ்டினாவின் குரல் தாழ்ந்தது. சிங்களத்தில் தொடங்கியவள், சூடேறியதும் தமிழுக்கு வந்துவிட்டாள். மிச்சத்தை நிஷாந்த் மொழிபெயர்த்தான்.

“எதிர்க்கத் தெரியாதா? போன வருசம் பதினோரு நாள் வேலைய நிறுத்துனது யாரு, ஒங்க நடிகருங்களா? கோளாறு ஒங்க எழுத்துல இருக்குங்க. சொமக்கிறவன் சாமான வீசவும் மாட்டான், அழவும் மாட்டான். எறக்கி வச்சிட்டு அது மேலயே ஒக்காந்துக்குவான். நாங்க அப்படித்தான். தொரைக்கு முதுகக் காட்டி ஒக்காந்து வெத்தல போடுவோம். நிக்கிறவன ஒதுக்கலாம். ஒக்காந்தவன எப்படிங்க ஒதுக்குறது?”

இயக்குனர் தொப்பியைப் பொறுக்கித் தூசி தட்டினார். “ஒரேயொரு தடவை” என்றார்.

அகஸ்டினா தன் ஆட்களிடம் போனாள். “இது காலையில தொரை முன்னால வரிசையா நிக்கிற பெரட்டு இல்ல, ஸ்ட்ரைக்குன்னு நெனச்சுக்கங்க.” அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சிவப்புக் கோட்டு வளைவைத் தாண்டியது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாதை நடுவே இறங்கின. அதிகாரி வந்து பார்த்தபோது அவருக்கு முன்னால் இருபது முதுகுகள்தான் இருந்தன. ஆங்கிலத்தில் கத்தினார். பிரம்பால் பெட்டியை அடித்தார். ரெங்கம்மா வெற்றிலைக் காம்பை நிதானமாகக் கிள்ளினாள். அகஸ்டினா திரும்பிப் பார்க்காமலே, எழுதிக் கொடுக்காத வசனம் ஒன்றைச் சொன்னாள்.

“மலை எங்கயும் ஓடிப்போயிடாது. சோறு வரட்டும், ஏறுறோம்.”

வெள்ளைக்காரருக்கு அடுத்த வசனம் மறந்தே போயிற்று. ஓங்கிய பிரம்பைத் தொங்கவிட்டு விழித்தார். இயக்குனரோ கேமராவை நிறுத்தச் சொல்லவே மறந்து நின்றார். பிறகு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். கொழும்பிலிருந்து யாரும் வர வேண்டாம் என்றார். அந்த வசனத்தை மட்டும் சிங்களத்தில் இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“எரநூறு வருசத்துக்கு முந்தி பெட்டி சொமந்தவ பசின்னு எந்தப் பாசையில கேட்டிருப்பா?”

அவர் நிஷாந்திடம் திரும்பி, தமிழ் வசனத்தையே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எட்டு மாதம் கழித்துப் படம் பதுளைக்கு வந்தது. அகஸ்டினாவின் முகம் திரை முழுக்க நின்றது. அவள் தமிழில் பேசினாள், அடியில் சிங்கள எழுத்து ஓடியது. கொட்டகையே குனிந்து அதை வாசித்தது. மடுல்சீமையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த மூன்று வரிசைக்கு மட்டும் வாசிக்கத் தேவையிருக்கவில்லை.