மல்லப்பன் போடாத நீலம்

ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது சகாயநாதன் கைதட்டினார். முதல் கைதட்டல் அவருடையதுதான். பக்கத்தில் நின்ற நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை கூசுகிறது.

சகாயநாதனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மைசூரில் நஜர்பாத் பக்கம் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் அவர் ஆண் நர்ஸ். நான் அங்கே ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தேன். பதினாறு வருட சர்வீஸில் அவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே, டாக்டர் வருவதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிடுவார். "உதட்டப் பாரு, நகத்தப் பாரு மகேசு. மத்ததெல்லாம் சும்னே" என்பார். 'சும்மா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எங்களுக்குக் கன்னடத்துச் 'சும்னே'தான் வாயில் வரும்.

டியூட்டி விட்டால் சினிமா. தமிழோ கன்னடமோ, நல்ல படமென்றால் இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு. சத்தம் இல்லாமல் பார்த்தால்தான் யார் நடிக்கிறார், யார் வெறுமனே வசனம் ஒப்பிக்கிறார் என்பது தெரியும் என்பது அவருடைய கட்சி. பக்கத்து சீட்டுக்காரர்கள் காது வலி என்று நினைத்து இரக்கப்படுவார்கள்.

சாவுக் காட்சி வந்தால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒருத்தராவது நம்ம வார்டுல அரைப் பக்கம் பேசிட்டு, தலையத் தொப்புனு சாய்ச்சிருக்காங்களா? மூச்சு கெடைக்காதவனுக்குப் பேச்சு எங்கேருந்து வரும்?" என்று கேண்டீனில் மேசையைத் தட்டுவார். எங்களுக்கெல்லாம் அது இலவசக் காட்சி.

இன்னொரு பைத்தியமும் உண்டு. சினிமாவில் வரும் புது மெஷின்கள். தியேட்டரில் டிஜிட்டல் சவுண்ட் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைக் கேட்பதற்காகவே பஸ் ஏறி பெங்களூர் போய் வந்தார். "மழை முதுகுக்குப் பின்னாடி பெய்யுது மகேசு. நான் திரும்பியே பாத்துட்டேன்" என்றார். கம்ப்யூட்டர், மானிட்டர் என்று வாரப் பத்திரிகையில் வருவதையெல்லாம் வெட்டி வைப்பார். மெஷின் வளர வளர நடிப்பில் பொய் குறையும், கேமராவின் கண்ணை ஏமாற்ற முடியாது என்று உறுதியாக நம்பினார். மனுஷக் கண் போதாதா என்று நான் சீண்டுவேன். "மனுஷன் கண் அசரும். மெஷின் அசராது" என்பார்.

தொண்ணூற்றாறில் ஒரு தமிழ்ப் படத்துக்காக எங்கள் நர்சிங் ஹோமில் ஒருநாள் ஷூட்டிங் நடந்தது. மாடி வார்டைக் காலி செய்து கொடுத்தோம். ஆஸ்பத்திரிக் காட்சியில் தப்பு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். சகாயநாதன் துவைத்த வெள்ளைச் சட்டையில் விடியற்காலையே வந்து நின்றார். லைட் சூட்டில் ஆபத்து கூடாது என்று, கட்டிலருகே காலி ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்ததும் அவர்தான்.

காட்சி இதுதான்: கதாநாயகியின் அப்பா நெஞ்சுவலியில் இறக்கிறார். சென்னையிலிருந்து வர வேண்டிய நடிகர் வரவில்லை. அவசரத்துக்குக் கொள்ளேகாலிலிருந்து சித்தையனை அழைத்து வந்தார்கள். நாடகக் கம்பெனியில் இருந்தவர், அறுபது வயது. முப்பது படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். முகம் தனியாகத் திரையில் வந்ததே இல்லை. அன்றைக்குத்தான் முதல் க்ளோசப். மேக்கப் போட்ட மல்லப்பனிடம் அதை மூன்று தடவை சொன்னாராம்.

முதல் டேக்கில் சித்தையன் மார்பைப் பிடித்து உருண்டு, தலையைத் தொப்பென்று சாய்த்தார். சகாயநாதனால் பொறுக்க முடியவில்லை. டைரக்டரின் அனுமதியோடு கட்டிலருகே போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

"ஐயா, கத்தாதீங்க. வாய் காத்தத் தேடணும். விரல் பெட்ஷீட்டப் பிறாண்டணும். முகத்துல வலி வேணாம், பயம் போதும்."

"செரிங் தம்பி, பாக்கறனுங்" என்றார் சித்தையன். அப்போதே குரல் தேய்ந்திருந்தது. லைட் சூடு என்று நினைத்தோம்.

இரண்டாவது டேக். டைரக்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டி.வி. இருந்தது. கேமரா பார்ப்பதை அது அப்படியே காட்டும். சகாயநாதன் பத்திரிகையில் மட்டுமே பார்த்த மெஷின். கட்டில் பத்தடி தூரத்தில்தான். ஆனாலும் அவர் கட்டிலைப் பார்க்கவில்லை, டி.வி.யையே பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம், கொஞ்சம் துடித்துக்கொண்டிருந்தது.

அதில் சித்தையனின் விரல்கள் பெட்ஷீட்டைப் பிறாண்டின. வாய் திறந்து மூடியது. டைரக்டர் மேலே பார்க்கச் சொல்லியிருந்தார். சித்தையனின் கண்கள் மெல்ல இடதுபக்கம் திரும்பின. நின்றன. மறுபடியும் திரும்பின.

சகாயநாதன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "பாத்தியா மகேசு, அந்தப் பார்வைய. அத நான் சொல்லிக் குடுக்கல."

"கட்" என்றார் டைரக்டர். சகாயநாதன் கைதட்டினார். வார்டு முழுக்கத் தட்டியது.

மல்லப்பன் வியர்வையைத் துடைக்கத் துண்டோடு கட்டிலுக்குப் போனவர், குனிந்து, அப்படியே நின்றுவிட்டார். "சார், உதட்டுக்கு நான் நீலம் போடலையே" என்றார்.

கைதட்டல் நிற்கச் சில விநாடி ஆயிற்று. சகாயநாதன் அப்போதுதான் டி.வி.யை விட்டுத் தலையைத் திருப்பினார். அவருடைய அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். சித்தையன் உதட்டில் இருந்தது, அவர் பதினாறு வருடமாகத் தினமும் பார்த்த நிறம். கறுப்பு வெள்ளையில் நீலம் தெரியாது. பாய்ந்துபோய் மாஸ்க்கை எடுத்து சித்தையன் முகத்தில் வைத்து, சிலிண்டரைத் திருகினார். காற்று வரவில்லை. காலி சிலிண்டரை வைத்தவரே அவர்தானே. கிழவரை இரு கையால் அள்ளிக்கொண்டு கீழே ஐ.சி.யூ.வுக்கு ஓடினார்.

சித்தையன் பிழைத்தார். டாக்டர், "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா அவ்வளவுதான்" என்றார். கைதட்டிய நேரத்தையும் அதில் சேர்த்துக் கணக்குப் போட்டது சகாயநாதனும் நானும் மட்டுந்தான்.

மூன்றாம் நாள் நான் ரத்தம் எடுக்கப் போனபோது சகாயநாதன் கட்டிலருகே நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சினிமாவில் ஆரம்பித்தார்.

"அந்த டேக்கையே படத்துல வெக்கப் போறாங்களாம். மேல பாக்காம எடது பக்கம் பாத்தீங்களே ஐயா, அது எப்பிடித் தோணுச்சு?"

சித்தையன் முகத்தில் கோபமே இல்லை.

"ஒங்களத்தானுங் பாத்தேன். டாக்டர் ஆரும் இல்ல. வெள்ளச் சட்டைல நீங்க ஒருத்தருதான் ஆஸ்பத்திரிக்காரரு. கூப்புட வாய் வரலீங். ரெண்டு தடவ பாத்தேன் தம்பி. நீங்க டி.வி.யப் பாத்துட்டிருந்தீங்."

சகாயநாதன் குனிந்து அவருடைய விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார்.

அடுத்த வருடம் படம் மைசூருக்கு வந்தது. நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன், அதுவும் ஒரு தப்பு. இந்தத் தடவை அவர் பஞ்சு கொண்டுவரவில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி. பெரிய திரையில், கலரில், சித்தையனின் முகம். உதட்டில் மல்லப்பன் போடாத நீலம். கண்கள் மெல்ல இடதுபக்கம் திரும்பின. நாங்கள் இடதுபக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்.

தியேட்டர் கைதட்டியது. ஒருவன் விசில்கூட அடித்தான்.

சகாயநாதன் விருட்டென்று எழுந்தார். முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, திரையை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"கூத்கொள்ளி சார், படம் மறைக்குது" என்று பின்னாலிருந்து யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள்.

திரையில் சித்தையனின் கண்கள் இரண்டாம் தடவை திரும்பின. அவர் உட்காரவில்லை.